அந்தத் தேதியின் பக்கம்

என் தங்கை வேலை பார்க்கும் கடை, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும். கிறிஸ்தவப் புத்தகங்கள் மட்டுமே விற்கிற கடை. வேதாகமங்கள் கண்ணாடி அலமாரியில், தியான நூல்கள் இடது சுவரில், கவிதைகள் கல்லாவுக்குப் பின்னால், ஸ்டூல் போட்டு ஏற வேண்டிய உயரத்தில். மதியச் சாப்பாடு கொண்டுபோகும் எனக்கு எல்லாம் மனப்பாடம். நான் எட்டாவதோடு நின்றவள். என் தங்கை புத்தகங்களோடு பிழைக்கிறாள் என்று நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. நாளுக்கொரு பக்கம் என்று தேதி போட்ட தியான நூலை யார் கேட்டாலும் உடனே கொடுக்க மாட்டாள். "உங்களுக்குக் கஷ்டமான தேதி ஏதாவது இருக்கா?" என்பாள். அந்தப் பக்கத்தைப் புரட்டி, நின்றபடியே படிப்பாள். சரியில்லை என்றால் மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

"இது கடையா, பரீட்சை ஹாலா?" என்பார் முதலாளி.

"பரீட்சை புத்தகத்துக்குத்தான் சார். ஆளுங்களுக்கு இல்ல."

இந்த வழக்கம் வரக் காரணம் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருவர். ஒரே மகனை இழந்த தன் மனைவிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இவளிடம் ஒரு தியான நூல் வாங்கிப் போனார். அந்த அம்மாவும் தினம் காலையில் படித்துவந்தார். மகனின் முதல் நினைவு நாள் வந்தது. அன்றைய பக்கம், 'இன்று உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்' என்று தொடங்கியது. மூடியவர்தான், பிறகு எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. ஜெபத்தையும் விட்டுவிட்டார். ஓட்டுநர் இதைச் சண்டையாகச் சொல்லவில்லை, வண்டி நின்றுபோனதைச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் இவளை அறுத்தது. அன்று நான் கொண்டுபோன சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

அடுத்த நினைவு நாள் நெருங்கியபோது அவர் மறுபடி வந்தார்.

"வேற ஏதாவது இருந்தா பாரும்மா. அவ சும்மா உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியல."

இடது சுவரையே இறக்கினாள். அந்தத் தேதியில் ஒரு நூல் பாடச் சொன்னது. ஒன்று கேள்வி கேட்காதே என்றது. இன்னொன்றில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர் கதை. கடைசியில் ஸ்டூல் மேல் ஏறி ஒரு மெலிந்த கவிதை நூலை எடுத்தாள். ஆண்டவரோடு ஒருத்தி முகம் கொடுத்தும் கொடுக்காமலும் பேசுகிற சின்னச் சின்னக் கவிதைகள்.

"கவிதையா? அவளுக்குப் புரியணுமே."

"எனக்கே புரிஞ்சுது அண்ணே. இதுல தேதி கிடையாது. இன்னைக்கு இதப் படின்னு எந்தப் பக்கமும் சொல்லாது."

"படிக்கலன்னா?"

"வீட்ல கிடக்கட்டும். சோறா கேக்கப் போகுது?"

அவர் சிரித்தபடி வாங்கிப் போனார்.

அந்த நாளன்று தங்கை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கிட்ட வந்து ஒப்பிக்கறதுதான் அவருக்கு வேலையா? சாப்பிடுடி" என்று அதட்டினேன். யாரும் வரவில்லை.

சில வாரம் கழித்து, நான் போயிருந்த நேரம், ஓர் அம்மா உள்ளே வந்து அந்த மெலிந்த நூலைக் கல்லா மேல் வைத்தார். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று முதலாளி முகத்தைச் சுருக்கினார். அம்மா ஒரு பக்கத்தைத் திறந்தார். கவிதைக்கு மேலே பென்சிலால் மகனுடைய தேதி.

"இது நானா தேடி வச்சது. அன்னைக்கு இதத்தான் படிச்சேன்."

தங்கை குனிந்து அந்தக் கவிதையைப் படித்தாள்.

"தேதி போட்டதும் ஒண்ணு வேணும். காலைல படிச்ச பழக்கம், விட மாட்டேங்குது."

தங்கை ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டப் போனாள். அம்மா கையை நீட்டினார்.

"குடு கண்ணு. நானே பாத்துக்கறேன்."

நின்றபடியே படித்தார். "எழுதினவருக்குப் பிள்ளைங்க இல்ல போலிருக்கு" என்று மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

தங்கை ஸ்டூலைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டாள். நான் திறந்த சாப்பாட்டு டப்பாவை மறுபடி மூடினேன். ஆறினால் ஆறட்டும்.