ஏழாவது மாடியில் மூடி வைத்த மூலை

போன மே மாதம் இதே பக்கத்தில் விருத்தாசலம் மொட்டைமாடி 'வியூ பாயிண்ட்' பற்றி ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தேன். அதை நம்பி யாராவது போயிருந்தால் மன்னித்துவிடுங்கள். என் அக்கா செல்வியும் அதைப் படித்துத்தான் மாட்டிக்கொண்டாள். கார்த்திகை மாதச் சனிக்கிழமை ஒன்றில் அவளோடு மறுபடி அங்கே ஏறி இறங்கினேன். வயிறு இன்னும் எரிகிறது, அதனால் அழகான வர்ணனை தேடி வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம்.

அந்த ஏழு மாடிக் கட்டடம் மனை விற்கிற கம்பெனி ஒன்றுடையது. மேலே கண்ணாடித் தடுப்பு, பைனாகுலர், ஒரு டீக்கடை. ஏறி வருகிறவர்களிடம் தென்மேற்கே கைகாட்டி, "அதோ சிவப்புக் கொடி, மஞ்சக் கொடி, அதான் நம்ம சைட்டு" என்பார்கள். நானும் மே மாத வெயிலில் கொடிகள் பறந்த பொட்டலைப் படமெடுத்துப் போட்டேன். அதைப் பார்த்து அக்கா முன்பணம் கட்டினாள். ஐம்பத்திரண்டு வயதுவரை வாடகை வீட்டிலேயே இருந்தவள். மனைக்கு அடுத்த திங்கட்கிழமை பத்திரப் பதிவு என்றார்கள். புதன்கிழமை போன் செய்தாள். "மழையில வேன் போவாது, பத்திரம் முடிஞ்சதும் கூட்டிப் போறோம்னு சொல்றாங்கடி. கையெழுத்து போடறதுக்கு முன்னால மேல ஏறியாவது ஒரு தடவ பாத்துட்டா தேவல."

சனிக்கிழமை காலை 5.45க்கு கிளாம்பாக்கத்தில் திருச்சி பஸ் ஏறினேன். வேப்பூர் கூட்டுரோட்டில் இறங்கும்போது 9.50. அங்கே ஒரு காபி 20 ரூபாய், தண்ணீர் மாதிரி இருந்தது. விருத்தாசலம் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன். அதன்பிறகு முக்கால் மணி நேரப் பயணம். அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்கு ஆட்டோ பிடித்தோம். கட்டடம் மூன்று கிலோமீட்டர், 80 ரூபாய். அப்படியே சைட்டுக்கே விட முடியுமா என்று கேட்டேன். ஓட்டுநர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் ஆட்டோ போவாதுங்க. ரோட்டு மேல தண்ணி நிக்குது."

மழைக்காலம், எங்கேதான் தண்ணீர் நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு புத்தி எனக்கு.

டிக்கெட் தலைக்கு 50 ரூபாய். மே மாதம் இலவசம். லிப்ட் மனை வாங்க வருகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். இவளும் மனை வாங்குகிறவள்தான் என்று ரசீதைக் காட்டினேன். "புக்கிங் முடிஞ்சவங்களுக்கு இல்லீங்க, புதுசா வர்றவங்களுக்குத்தான்" என்று பதில் வந்தது. கேட்டீர்களா நியாயத்தை! முன்பணம் கட்டியவள் படியேற வேண்டும், கட்டப்போகிறவர் லிப்டில் போவார். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற அக்கா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நூற்று நாற்பத்திரண்டு படி ஏறினாள். நான் எண்ணினேன்; கோபத்தில் வேறென்ன செய்வது?

மேலே காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். கோபுரங்கள், மணிமுத்தாற்றில் செங்காவி வெள்ளம், ஜங்ஷனில் நீளமாக ஒரு சரக்கு ரயில், செராமிக் கம்பெனிகளின் புகைபோக்கிகள். வடக்கு, கிழக்கு எல்லாம் திறந்து கிடக்கிறது. தென்மேற்கு மூலையில் மட்டும், ஆள் உயரத்துக்கு மேல், ஒரு பிளெக்ஸ் பேனர். "உங்கள் கனவு இல்லம்" என்று சிரிக்கிற குடும்பம். பைனாகுலரையும் அந்தப் பக்கத்திலிருந்து பிடுங்கி கிழக்கே நட்டிருந்தார்கள்.

"இந்தப் பக்கம் ஏன் மூடியிருக்கு?" என்று அங்கே நின்ற ஊழியரைக் கேட்டேன். நாற்பது வயது இருக்கும்.

"வேல நடக்குதுங்க மேடம். கண்ணாடி மாத்தறோம். நீங்க கோபுரத்தப் பாருங்க, நல்லா தெரியும்."

வேலையும் இல்லை, வேலையாளும் இல்லை. நான் சத்தம் போட்டேன். அவர் காதில் வாங்காமல் போனை எடுத்தார். அக்கா என் கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துப்போனாள். டீ 30 ரூபாய், பீங்கான் கோப்பையில். குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். எங்கே போனாலும் இதைச் செய்வாள். செராமிக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக அவள் வேலை, சூளைக்குப் போகிற சாமான்களின் அடியை ஈரப் பஞ்சால் துடைப்பது. அடியில் பளபளப்புப் பூச்சு ஒட்டியிருந்தால், வேகும்போது உருகி, சூளைத் தட்டோடு பிடித்துக்கொள்ளும்; சாமான் வீண். அதனால் எதைக் கொடுத்தாலும் முதலில் அடியைத்தான் பார்ப்பாள்.

கோப்பையை வைத்தவள் நேராகப் பேனரிடம் போனாள். குனிந்தாள். கீழ்க்கயிற்றை அவிழ்த்து, அந்தச் சிரிக்கிற குடும்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

கண்ணாடி முழுசாக இருந்தது. அதற்கு அப்பால், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, ஏரி. பொட்டல் என்று நான் எழுதிய இடம் முழுக்கத் தண்ணீர். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீருக்கு நடுவே கொடிக்கம்புகள். ஒரு மஞ்சள் கொடிமேல் கொக்கு உட்கார்ந்திருந்தது.

ஊழியர் ஓடிவந்தார். "அம்மா, வுடுங்கம்மா. ரெண்டு மாசத்துல வத்திடும்மா."

"வத்தினப்புறம் வூடு கட்டி, அடுத்த மழைக்கு எங்கங்க போறது?" என்று அக்கா அமைதியாகக் கேட்டாள். பிறகு என்னிடம், "முப்பது ரூவா டீக்கு கப்ப கவுத்துப் பாக்கறேன். இத பாக்காம வுட்டேன் பாரு. நீ எழுதியிருந்தியேன்னு வுட்டுட்டேன்டி" என்றாள்.

இறங்கும்போதும் படிதான்.

திங்கட்கிழமை அவள் பதிவுக்குப் போகவில்லை, வழக்கம்போல கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். முன்பணத்தைக் கேட்டால் "மேனேஜர் வெளியூர்" என்கிறார்கள். அக்கா விடுவதாக இல்லை.

போகிறவர்களுக்கு: நேரம் மாலை 4 முதல் 7. மழை ஓய்ந்த மறுநாள் போங்கள், கோடையில் போகாதீர்கள். மனை வாங்குகிற எண்ணம் இருந்தால் வேன் அனுப்பும்வரை காத்திருக்காதீர்கள். ஆட்டோக்காரர் வர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய மூலை இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் மே மாதப் படத்தை போனில் தேடி எடுத்தேன். பழைய பதிவில் இப்போது அதை முழுசாகப் போட்டிருக்கிறேன். இடது ஓரத்தில் ஏரிக்கரையும் மதகின் இரண்டு கல்தூண்களும் பளிச்சென்று தெரியும். கொடிகள் எல்லாம் அதற்கு உள்பக்கம். பார்க்கிற யாருக்கும் அது ஏரி என்று புரியும். அன்றைக்கு எனக்கும் தெரிந்துதான் இருந்திருக்க வேண்டும். தூண்கள் படத்தைக் கெடுக்கின்றன என்று அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். இதை அக்காவிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. என் பதிவு ஒன்றைக்கூட விடாமல் படிப்பவள் அவள், இதையும் படிப்பாள்.