மாடலுக்கு வைத்த ஃபோல்டர்

நேற்று காலை ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் வினாத்தாளில் பதினெட்டாவது கேள்வியை அடித்துக்கொண்டிருந்தேன். இனி ஒரு எழுத்தைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று என் லேப்டாப் சொல்லிவிட்டது. சேமிக்க இடமில்லையாம். முப்பத்திரண்டு ஜிபிதான் அதன் மொத்தக் கொள்ளளவு. டைப்பிங் வேலைக்கு இது தாராளம்க்கா என்று சொல்லித்தான் பெரம்பலூர் கடைக்காரர் என் தலையில் கட்டினார். அதில் பாதிக்கு மேல் விண்டோஸே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டியவள் கேட்டிருக்க வேண்டாமா? இப்போது யாரைத் திட்டி என்ன.

இந்தக் கண்றாவியை நீங்களும் பட்டிருந்தால் தெரியும். குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். டவுன்லோடில் கிடந்த பழைய ஆதார் நகல்கள், ஒரே ரேஷன் கார்டின் ஏழு பிரதிகள், சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கப் பூக்கள் எல்லாவற்றையும் தூக்கினேன். யார் வைத்ததென்றே தெரியாத ஒரு கார் விளையாட்டைக் கழற்றி எறிந்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு ஜிபி தேறியது. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதையும் காணோம். அப்டேட் என்று ஒன்று வந்து, சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. பள்ளிக்கூடத்திலோ திங்கட்கிழமை பரீட்சை. வினாத்தாளை அடிக்கக் கொடுத்த பத்மா மிஸ் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். லேப்டாப்பை மாடியிலிருந்து போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அந்த அரியலூர் ஃபோல்டர அழிச்சிட்டுப் போவியா. எவன் வூட்டுக் காதுகுத்தோ, நீ காவல் காத்துக்கிட்டிருக்க" என்றார். நாலு ஜிபி இருக்கும் அது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அரியலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கல்யாணம் ஆவதற்கு முன்பு, மூன்று வருஷம் நான் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடையின் மிச்சம்தான் அந்த ஃபோல்டர். டிசைன் மட்டும் எங்கள் கடையில். அச்சடிக்கத் திருச்சிக்குப் போகும். மறுநாள் பஸ்ஸில் சுருளாக வந்து இறங்கும்போது மண்ணெண்ணெயும் பெயிண்ட்டும் கலந்த மாதிரி ஒரு நெடி அடிக்கும். அதை மோந்துகொண்டேதான் மதியச் சாப்பாடு. இன்றைக்கும் எங்காவது புது ஃப்ளெக்ஸ் கட்டினால் எனக்குத் தயிர்சாதம் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய.

அங்கேயும் இதே இடப் பஞ்சம்தான். ஒரே கம்ப்யூட்டர், நாற்பது ஜிபி. அதற்காக முதலாளி அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்தார். சுருள் கடையை விட்டுப் போன மூன்றாம் நாள், ஃப்ளெக்ஸைச் சின்னதாக ஒரு நகல் எடுத்து 'மாடல்' என்ற ஃபோல்டரில் போட வேண்டும். அடுத்து வருகிறவர்களுக்கு, இப்படிப் போடலாமா அப்படிப் போடலாமா என்று காட்ட அது போதும். பெரிய ஃபைல், எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். நான் அதில் படு சுத்தம். முதலாளி மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். அப்போது அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

அந்தச் சமயத்தில்தான் ரெட்டிபாளையத்திலிருந்து செல்வராசு அண்ணன் வந்தார். சிமெண்டு மூட்டை ஏற்றுகிற வேலை. மகள் கலையரசிக்கு மஞ்சள் நீராட்டு விழா. மனைவி அஞ்சலையையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அஞ்சலையக்காவுக்கு ஓட்டு அட்டையைத் தவிர வேறு போட்டோ கிடையாது. நானே கடைக் கேமராவில் எடுக்கிறேன் என்று நீலத் துணிக்கு முன்னால் நிறுத்தினேன். பல் கொஞ்சம் எடுப்பு, அதனால் வாயைக் கையால் மூடிக்கொண்டே நின்றார். சும்மா சிரிங்கக்கா, யாரு பாக்கப்போறா என்றேன். கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். மூன்று படம் எடுத்தேன்.

எங்கள் பக்கத்து மஞ்சள் நீராட்டு ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் பெண், ஆளுயரத்துக்கு. மேலே தாய்மாமன்மார் வரிசையாக, கூலிங்கிளாஸோடு. ஒரு மாமன் முகம் இன்னொரு மாமன் முகத்தைவிடச் சின்னதாகிவிட்டால் பந்தலில் சண்டை வந்துவிடும். பெற்றவளுக்குக் கீழே ஓரமாக ஒரு வட்டம், அவ்வளவுதான். அஞ்சலையக்காவையும் அந்த வட்டத்தில்தான் வைத்தேன். மூன்றாம் நாள் வழக்கம்போல மாடலுக்கு ஒரு நகல் போட்டுவிட்டு, மீதியை அழித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து செல்வராசு அண்ணன் தனியாக வந்தார். தாடி. மஞ்சள் காமாலையில் அஞ்சலையக்கா போய்விட்டாராம். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சட்டம் போட்டு மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும். ஓட்டு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல இருக்கது அவளாட்டமே இல்ல பாப்பா. அன்னிக்கி நீதான போட்டோ புடிச்ச, அது கம்ப்யூட்டர்ல இருக்குமுல்ல" என்றார்.

மாடல் ஃபோல்டரைத் திறந்தேன். மாமன்மார் எல்லாரும் பளிச்சென்று இருந்தார்கள். அஞ்சலையக்கா ஒரு ஸ்டாம்பில் பாதி. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தார். சிரிக்கிறார் என்பதே தெரிந்தவளுக்குத்தான் தெரியும். அந்த ஃப்ளெக்ஸ் இருக்கா அண்ணே என்று கேட்டேன். ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டோம், வெயிலில் வெளுத்துப் போய்விட்டது என்றார். அண்ணே, நான் அழிச்சிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வாங்க, சரி பண்ணி வைக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும், பொண்ணு மூஞ்சி பெருசா இருக்கே, அதுலேர்ந்து எடுத்து ஒட்டு என்றார் முதலாளி. ஒட்டினேன். கலையரசியின் கண், கலையரசியின் வாய், கன்னத்தில் கொஞ்சம் வயதைக் கூட்டி, காதோரம் நரை. மூக்குத்தியை மட்டும் நானாக வரைந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் கைவேலையை நினைத்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது.

செல்வராசு அண்ணன் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. "மூக்குத்தி சரியா இருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டு, பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் கடையை மூடினார்கள். மாடல் ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தவள்தான், எத்தனையோ கம்ப்யூட்டர் மாற்றியும் அதை அழிக்கவில்லை. ஒருதடவை அழித்துப் பட்டது போதாதா.

போன மாதம் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, நீங்க ஃப்ளெக்ஸ் கடை அக்காதானே என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கலையரசி. அப்பா தவறிப்போய் இரண்டு வருஷமாகிறதாம். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, "எங்கம்மா படம் நீங்க போட்டுக் குடுத்ததுதாங்கக்கா இன்னமும் மாட்டியிருக்கோம். பாக்கறவங்கல்லாம் நான் அப்புடியே அம்மா ஜாடைன்னு சொல்றாங்க" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். போன் நம்பரை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

நேற்று அழிப்பதற்காகத்தான் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். சத்தியமாக அழிப்பதற்குத்தான். அந்த ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டுத் தொலைத்தது. ஓரத்து வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். மங்கல்தான், ஆனாலும் அஞ்சலையக்கா. வெறும் நாற்பது கேபி. இதைக் கொடுக்காமல் இத்தனை வருஷம் நான் வைத்திருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்ற, வாட்ஸ்அப்பில் கலையரசிக்கு அனுப்பினேன். அம்மா என்று எழுத வேண்டுமா என்ன, பார்த்தாலே தெரிந்துவிடும் என்று ஒன்றும் எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "யாருங்கக்கா இது?"

ஏதோ அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். கடைசியில், வேற ஒருத்தங்களுக்கு அனுப்ப வேண்டியதும்மா, உனக்கு மாறி வந்துடுச்சு என்று அனுப்பினேன். சரிங்கக்கா என்றாள். அந்த முகத்தைத் தெரிந்தவள் என்று இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். அதை அழித்தவளும் நான்தான்.