நாற்பதாம் பக்கத்துக் குழந்தை

போன வாரம் ஒரு த்ரில்லர் படித்தேன். கொலைகாரன் யார் என்று கடைசிவரை எனக்குக் கவலையே இல்லை. என் கவலை வேறு.

எழுதியவர் என் பிரியமான எழுத்தாளர். பெயர் வேண்டாமே. ஒன்பதாம் வகுப்பில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அவரைப் படித்தவள் நான். என்னைப் பெண் பார்க்க போடியிலிருந்து வந்த மாமனார், அலமாரியில் அவர் நாவல்களைப் பார்த்துவிட்டு, "அட, நம்மாளு!" என்றார். மற்றதெல்லாம் அப்புறம்தான் பேசினார்கள்.

இந்த நாவல் கொரோனா ஊரடங்கில் நடக்கிறது. நாயகி ஒரு நிருபர். கணவன் வெளியூரில் மாட்டிக்கொண்டிருக்கிறான். தொட்டிலில் எட்டு மாதக் குழந்தை. நாற்பதாம் பக்கத்தில், ராத்திரி, ஒரு போன் வருகிறது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, கொலைகாரனைத் துரத்த ஸ்கூட்டரில் பறக்கிறாள்.

சரி... குழந்தை?

ஐம்பதாம் பக்கம் — துரத்தல். எண்பதாம் பக்கம் — பொழுதே விடிந்துவிட்டது! குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலைக்கு ஆள் வராத, பக்கத்து வீட்டுக் கதவு திறக்காத நாட்கள் அவை. யார் பால் கொடுத்திருப்பார்கள்? நடுவில் இரண்டு முறை எழுந்துபோய், தூங்கும் என் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"கதையில வர்ற பிள்ளைக்கெல்லாம் பசிக்காதுடி" என்று சிரித்தார் கணவர்.

அப்போதுதான் பயம் வந்தது. தப்பு எழுத்தாளரிடமா, என்னிடமா? அம்மாவானதும் எனக்குள் இருந்த வாசகி கிளம்பிப் போய்விட்டாளா? இனி எந்தக் கதையையும் இப்படித்தான் படிப்பேனா — யார் சாப்பிட்டார்கள், யாருக்குச் சளி என்று? உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா?

ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மாமனாரிடம் கொடுத்தேன். மலையில் இருக்கும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும்போது படிப்பார். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும். அவருக்குக் கதை ஓடும். அவர் ரசித்துவிட்டால் கோளாறு எனக்குத்தான். காலை முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெட்டிலிருந்து அழைத்தார். பின்னால் ஜீப் உறுமியது.

"ஏத்தா, கேக்குதா? தோட்டத்துக்குள்ள போனா சிக்னல் இருக்காது, வெரசாச் சொல்லு. அந்தப் பிள்ளை என்னாச்சு?"

"எந்தப் பிள்ளை மாமா?" வேண்டுமென்றே கேட்டேன்.

"தொட்டில்ல கெடந்த பச்சப்பிள்ளத்தா! கதவப் பூட்டிட்டுல்ல போயிட்டா! கொலகாரன் எங்க போயிருவான், அவன நாளைக்குப் பிடிக்கக் கூடாதா? கடைசியிலயாச்சும் பிள்ளை வருதா?"

"வரல மாமா."

"வரலையா! அம்புட்டுப் புத்தகம் எழுதுன மனுசன்..."

டிரைவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவரே தொடர்ந்தார்.

"சரி, விடு. சிலமலையில இருந்து அவ பெரியம்மா வந்து, பூட்ட ஒடச்சுப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாக. பால் குடிச்சிட்டுத் தூங்குது. நான் முடிவு பண்ணிட்டேன். நீ போயிச் சாப்பிடு."

கதையில் பெரியம்மா என்று யாருமே கிடையாது! சிலமலையோ போடிக்குப் பக்கத்து ஊர். சிரித்துச் சிரித்து என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகளுக்கு என்ன புரிந்ததோ, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மாமனார் திரும்பி வந்ததும் புத்தகத்தை வாங்கி, நாற்பதாம் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஏமாற்றம் போகவில்லைதான். ஆனால் குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு... அந்தத் துரத்தல் இருக்கிறதே, அடடா!

அவருடைய அடுத்த நாவலுக்குக் கடையில் சொல்லி வைத்துவிட்டோம். எழுத்தாளருக்கு ஒரே வேண்டுகோள் — நாயகிக்குக் கல்யாணம் மட்டும் பண்ணி வைத்துவிடாதீர்கள்.