பரமேஸ்வரி கையெழுத்திட்ட அறிக்கை

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் இறைச்சி அரைத்துக்கொண்டிருந்தபோது திகாம் பத்துவிலிருந்து ராமையா அண்ணன் அழைத்தார். "பாய், தங்கச்சி போயிட்டா லா. மாரடைப்பு," என்றார். அன்று அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

அவர் தங்கை பரமேஸ்வரியை நம் துறையில் பலரும் அறிவீர்கள். பத்தொன்பது ஆண்டுகள் மலேசியாவின் சுங்கைப் பட்டாணி ஆய்வுக்கூடத்தில் அவரும் நானும் ஒரே மேசை. மாட்டிறைச்சியில் கால்நடை மருந்து தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அவர் வாழ்நாளில் மாட்டிறைச்சி சாப்பிட்டதில்லை. நான் வாரம் தவறாமல் சாப்பிடுகிறவன். "நீங்க சாப்பிடுறதுக்கு நான் காவல். ஒரு நாளாச்சும் தேங்க்ஸ் சொன்னீங்களா பாய்?" என்று சீண்டுவார். சொன்னதில்லை. இப்போது உறுத்துகிறது.

கொட்டகையில் வளரும் பிராமன் என்ற பெரிய சீமை இனக் கலப்பு மாட்டில்தான் மருந்து இருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மேயும் சின்ன நாட்டு மாடு சுத்தம் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது. "மாடு எந்த இனம்னு ஊசிக்குத் தெரியாது," என்பார் பரமேஸ்வரி.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் அதுவே நடந்தது. பிராமன் மாட்டின் இறைச்சி சுத்தம். நாட்டு மாட்டில் அளவுக்கு மீறிய மருந்து. சோதனைக்கான இறைச்சி மாதிரிகள் எண் மட்டும் போட்டு வரும். முடிவை எழுதிய பிறகே உரிமையாளர் பெயரைப் பார்ப்போம். பெயர் ராமையா. மந்தைக்குக் காய்ச்சல் என்று பெரிய மாட்டுக்கான அளவை எல்லாச் சின்ன மாடுகளுக்கும் ஏற்றியிருந்தார். உடலிலிருந்து மருந்து வடியும்வரை காத்திராமல் ஒன்றை அறுப்புக்கும் விற்றுவிட்டார். அறிக்கை போனால் பெருநாள் குர்பான் பலிக்குப் பேசி வைத்திருந்த மற்ற மாடுகளையும் விற்க முடியாது.

விஷயம் தெரிந்து அண்ணன் நேரே வந்தார். "பெருநாள் முடியட்டும் லா, அப்புறம் அனுப்பு."

பரமேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாய் வீட்டுப் பிள்ளைங்களும் அதைத்தானே சாப்பிடுவாங்க அண்ணே?"

அவர் போனதும், "நானே மறுபடி செஞ்சு என் பேர்ல அனுப்புறேன். நீங்க ஒதுங்கிக்குங்க," என்றேன்.

"மறுபடி செய்ங்க, செய்யத்தான் வேணும். ஆனா என் பேரை எடுக்காதீங்க. நான் கண்டுபிடிச்சதுக்கு நான் கையெழுத்துப் போடணும்."

நான் மறுபடி சோதித்தபோதும் அதே முடிவுதான் வந்தது. அறிக்கையின் அடியில் பரமேஸ்வரி தன் அப்பா பெயரையும் சேர்த்து முழுதாகக் கையெழுத்திட்டார். அண்ணனுக்கும் அதே அப்பாதான். அன்று அவரோடு வேலை பார்ப்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வருடம் அண்ணன் பேசவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. பரமேஸ்வரியோ மாட்டின் நெஞ்சைச் சுற்றி அளந்தால் எடை காட்டும் நாடா ஒன்றை வாங்கி, அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

இறுதிச் சடங்கன்று அந்த நாடா அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது. "இப்ப அளக்காம ஊசி போடுறதில்ல பாய். மருந்து வடியிற நாள் முடியாம விக்கிறதும் இல்ல. மத்த மாட்டுக்காரனுங்களும் இதைத்தான் இரவலா வாங்கிட்டுப் போறானுங்க. என் தங்கச்சி குடுத்ததுன்னு சொல்லித்தான் குடுப்பேன்," என்றார்.

நேற்று எழுதிய அறிக்கையில் நானும் என் அப்பா பெயரைச் சேர்த்து முழுதாகக் கையெழுத்திட்டேன். இனி அப்படித்தான். வரும் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக் குர்பான் மாடு ராமையா அண்ணனிடமிருந்து வருகிறது. பிள்ளைகள் பயமில்லாமல் சாப்பிடுவார்கள்.

தேங்க்ஸ் லா, பரமேஸ்வரி.