வெயில் வந்த இரண்டாம் செட்

போன ஞாயிறு காலை ஒரு பந்தயத்தில் தோற்றுவிட்டேன். தோற்றால் நான் எழுதுகிற இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. சொன்ன சொல் தவறக்கூடாது. இதோ எழுதுகிறேன்: என்னைவிட என் அத்தானுக்கு டெனிஸ் தெரியும்.

கடன் தீர்ந்தது. இனி நடந்ததைச் சொல்லலாம், இல்லையா?

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ரூஜ் பகுதியில் வீடு. குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் திருத்துவது தொழில். கைராசிக்காரர் என்று பெயர். சென்ற குளிர்காலத்தில் யாரோ ஒருவர் அவருடைய போனில் பந்தய ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டார். முதலில் ஹொக்கி. பிறகு கூடைப்பந்து. வசந்தம் வந்ததும் ஐரோப்பாவில் நடக்கிற களிமண் தரை டெனிஸ்... அங்கே பின்னேரம் என்றால் இங்கே காலை. தேத்தண்ணிக் கோப்பையோடு தொடங்கிவிடலாம்.

ஒரு நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"இந்த மனிசன் யூனியன்வில்லில ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனது. ஃபேர்னஸைக் கழட்டி வைச்சுப்போட்டு போனைப் பாத்துக்கொண்டு நிண்டதாம். வீட்டுக்காரி பொறுத்துப் பாத்திட்டு வேற ஆளைக் கூப்பிட்டுட்டாள். சாப்பாட்டு மேசையிலயும் உதே கதைதான். ஆள் இருக்கும், மனம் இருக்காது. நீதானே டெனிஸ் டெனிஸ் எண்டு திரியிறனி. நீயே வந்து கதை."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மகளை டெனிஸ் வகுப்புக்குக் கூட்டிப்போய், வாங்கிலே குந்தியிருந்தே ஆட்டத்தைப் படித்தவள் நான். மகள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. அவ்வப்போது நானும் பந்தயம் கட்டுவேன் — ஒரு கோப்பி, ஒரு ரோல்ஸ் விலைக்கு மேல் போவதில்லை. பெரும்பாலும் வெல்வேன். அடக்கத்துக்காகப் பொய் சொல்லக்கூடாது.

சனிக்கிழமை பின்னேரம் வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற என் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் ஒரு அரையிறுதி. ஒரு பக்கம் நல்ல உயரமான ஆட்டக்காரன், சேர்வ் இடி மாதிரி இறங்கும். மறுபக்கம் கட்டையான ஒருவன். ஓடி ஓடிப் பந்தைத் திருப்புவதுதான் அவன் தொழில்.

"நாளைக்கு நெடுவல்தான். போன கிழமை கப் எடுத்தவன். சும்மா பறக்கிறான்," என்றார் அத்தான்.

"எங்க வைச்சு எடுத்தவன், அத்தான்?"

"எங்க எண்டால் என்ன? உதும் களிமண், அதுவும் களிமண்."

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். களிமண் என்று பெயர்தான், உண்மையில் அது செங்கல் தூள். மலைமேல் இருக்கிற ஊரில் காற்று மெலிசு. பந்து பறக்கும், சேர்வ் போடுகிறவனுக்குக் கொண்டாட்டம். கடலோர ஊரில் ஈரம். பந்து நனைந்த பஞ்சு மாதிரிக் கனக்கும். அதே சேர்வ் அங்கே நொண்டிக்கொண்டு வரும். நெடுவல் வென்றது மலையில். நாளைய ஆட்டம் கடற்கரையில்.

கட்டையன் போன வாரம் முதல் சுற்றிலேயே தோற்றவன்தான். ஆனால் அந்த ஆட்டத்தை முழுக்கப் பார்த்தேன். அந்த மலையில், அவ்வளவு வேகத்தில், கடைசி செட்டில் ஒரு நூல் இடைவெளியில்தான் தோற்றான். கால்கள் நன்றாக இருந்தன. ஓய்வும் கிடைத்துவிட்டது. நெடுவலோ தினமும் ஆடி, கப்பையும் தூக்கிக்கொண்டு பயணம் செய்து வந்தவன்.

போர்ம், அதாவது ஒருவன் இப்போது ஆடுகிற நிலை, என்பது வென்றானா தோற்றானா என்பது மட்டுமா? எந்தத் தரையில், யாரோடு, எப்படி என்பதும்தானே. கல்யாணப் பேச்சிலும் நாங்கள் விடுகிற பிழை இதுதான். "பெடியன் தங்கமானவன்" என்பார்கள். அம்மா சமைத்துப் போடுகிற வீட்டில் தங்கம்... தனி வீட்டில்?

அத்தான் சிரித்தார். "உம்மட விளக்கம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் வெல்லுறது நெடுவல்."

"அப்ப பந்தயம். கட்டையன் வெண்டால் நீங்கள் உந்த ஆப்பை அழிக்க வேணும்."

"நீர் தோத்தால்?"

அவர் கேட்டதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

"இன்னொண்டு. நாளைய மட்சுக்கு நீங்கள் காசு வைக்கக் கூடாது. போன் அக்காட்ட இருக்கட்டும்."

கொஞ்சம் யோசித்தார். "ஓம், சரி."

ஞாயிறு காலை அக்கா போனைத் தன் ஹவுஸ்கோட் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூவரும் டிவி முன்னால் இருந்தோம். அங்கே வானம் இருண்டு கிடந்தது. முதல் செட் நான் சொன்னபடியே கட்டையனுக்குப் போனது. நெடுவலின் சேர்வ் இடுப்பளவு கூட எழும்பவில்லை. கட்டையன் எல்லாவற்றையும் திருப்பினான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் செட்டில் மேகம் விலகியது. பளீரென்று வெயில். காற்றும் சேர்ந்தது. சற்று நேரத்தில் ஆட்டக்காரர்களின் சப்பாத்தில் இருந்து சிவப்புத் தூசி கிளம்புவதைக் கண்டேன். தரை காய்கிறது. காய்ந்தால் பந்து துள்ளும்... துள்ளியது. தோளுக்கு மேலே துள்ளியது. கட்டையன் பின்னால், பின்னால் போனான்.

"ஏன் இப்ப இப்பிடித் துள்ளுது?" என்று அத்தான் கேட்டார்.

தூசியைக் காட்டினேன். தன் ஆள் வென்றுகொண்டிருப்பதை மறந்து, முன்னால் சரிந்து, ஒவ்வொரு பந்தும் விழுகிற இடத்தைப் பார்க்கத் தொடங்கினார். கட்டையன் ஒரு தடவை வேலி வரை ஓடிப் போய்ப் பந்தை மீட்டபோது, "அடடா, நல்ல ஆட்டக்காரனடா உவன்," என்றார்.

இரண்டாம் செட்டையும் மூன்றாம் செட்டையும் எடுத்து நெடுவல் வென்றான். அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எழுதும். மறந்து போகாதையும்," என்றார் அத்தான். பிறகு டிவியை நிறுத்தினார். "காசு வைச்சிருந்தால் நான் உந்தத் தூசியைக் கண்டிருக்க மாட்டன். ஸ்கோரை மட்டும்தான் பாத்திருப்பன். இவ்வளவு நாளும் என்னத்தைப் பாத்தனான் எண்டு தெரியேல்லை."

ஆப்பை அழிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தோற்றவள் அல்லவா. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை அக்கா போன் எடுத்தாள். புதன்கிழமை அத்தான் தானாகவே ஆப்பை அழித்துவிட்டாராம். வியாழன் திரும்பவும் ஏற்றினாராம். நேற்று இரவு அவளிடமே போனை நீட்டி, "நீயே அழி. புதுசா ஒண்டும் ஏத்த ஏலாத மாதிரி ஒரு பாஸ்வேர்டும் போடு. எனக்குச் சொல்லாதை," என்றாராம்.

"இந்தப் பழக்கம் நிக்குமோ?" என்று கேட்டாள்.

"நிக்கும், அக்கா. அந்த மனிசனை எனக்குத் தெரியும்," என்றேன். அதை நிச்சயமாகத்தான் சொன்னேன். வழுக்கினால் மீண்டும் போனை நீட்டுவதற்கு அவருக்குக் கை இருக்கிறது. வாங்குவதற்கு அவள் இருக்கிறாள்.

என் டெனிஸ் கணிப்பைப் பற்றியும் கேட்கிறீர்களா? ஆளிலும் பிழை இல்லை, தரையிலும் பிழை இல்லை... வெயில்தான் சொல்லாமல் வந்துவிட்டது.