கோமுகி ஆற்றில் நான் போட்ட கூச்சல்

அப்பா பஸ் டிரைவர். கள்ளக்குறிச்சி டிப்போவில் வேலை. ஊரெல்லாம் குடும்பத்தோடு கிளம்புகிற பண்டிகை நாள்களில்தான் அவருக்கு டூட்டி அதிகம். அதனால் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. ஒரே ஒரு முறை கோமுகி ஆற்றுக்குப் போனோம். அதுவும் அவர் தலையில் கட்டோடு லீவில் இருந்ததால் நடந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம். திடீரென்று ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருப்பார்கள், பஸ் நின்றுவிடும். அன்று மத்தியானம் கச்சிராயபாளையம் போகும் வழியில் ஒரு வளைவைத் திரும்பியதும் குறுக்கே மரம். பக்கத்தில் ஆள் யாருமில்லை. அப்பா பிரேக்கை மிதித்தும் வண்டி போய் முட்டியது. முன் கண்ணாடி நொறுங்கி அவர் நெற்றியில் ஐந்து தையல். மற்றவர்களுக்கு அடியில்லை.

சாயங்காலம் கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். டிப்போவுக்கு அப்பா விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"மரத்துல முட்டிச்சின்னு எழுதினா, வேகமா வந்தன்னு சஸ்பெண்டு பண்ணிடுவாங்கண்ணே. கல்லு வுட்டாங்கன்னு எழுது. வண்டியில இருந்ததே ஏழு பேரு. எவன் வந்து சொல்லப் போறான்?"

அப்பா ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எழுது பாப்பா" என்றார். அவர் கையெழுத்து கோணலாக இருக்கும். நான் அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன், கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். 'அடையாளம் தெரியாத நபர்கள் எறிந்த கல்லுக்கு ஒதுங்கியதில் வண்டி மரத்தில் மோதி' என்று கண்டக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "அச்சு மாதிரி கீது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே சொன்னார், "வூட்டுலயே குந்திகினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும். ஆத்துக்குப் போலாமா?"

பஸ் ஓடவில்லை. இரண்டு வாடகை சைக்கிள் எடுத்தோம். அப்பா சைக்கிளில் அம்மா பின்னால், தம்பி முன் கம்பியில். என் கேரியரில் புளிச்சோற்றுத் தூக்கு. வழியில் மறியலுக்கு வெட்டிப்போட்ட ஒரு வேப்பமரம் கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து சைக்கிள்களைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவர் அம்மாவிடம், "பாத்து எறங்குங்கக்கா" என்றார்.

மலையில் மழை பெய்திருந்ததால் ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. கரையோரம் மாந்தோப்பு. தோப்பைக் குத்தகைக்கு எடுத்த ஒரு குடும்பம் அங்கே காய் இறக்கிக்கொண்டிருந்தது. தம்பி போய் வேடிக்கை பார்த்தான், கை நிறைய மாம்பழத்தோடு வந்தான். அம்மா முதலில் கரையிலேயே நின்றாள். அப்பா தண்ணீரை வாரி அடித்ததும், "ஏங்க, சும்மா இருங்க, புள்ளங்க பாக்குது" என்று சிரித்தபடி புடவையோடு இறங்கிவிட்டாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பாசிக்கல்லில் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். அப்பா கட்டு நனையாமல் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்திக் காட்டினார்.

அம்மாவும் தம்பியும் தண்ணீரிலேயே இருக்க, சோறு சாப்பிட அப்பாவும் நானும் முதலில் கரையேறினோம். தோப்புக்கார அம்மா இன்னும் நாலு பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"தலையில இன்னாங்க கட்டு?"

"சைக்கிள்லேருந்து வுழுந்துட்டேங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா தலையாட்டிவிட்டு, தானாகவே பேச ஆரம்பித்தார். அவருடைய மூத்த மகனைப் போலீஸ் பிடித்துப் போய் ஐந்து நாள் ஆகிறதாம். "பஸ்ஸு மேல கல்லு வுட்டான்னு கேசு. மறியல்னா போவான், நான் இல்லன்னு சொல்லலீங்க. ஆனா அன்னிக்கு மத்தியானம் பூரா இதே மரத்துமேல காய் இறக்கிகினு இருந்தான். கண்ணாலப் பாத்த நாங்க சொன்னா எவன் கேக்கறான்? ப்ளஸ் டூல நல்ல மார்க்குங்க. செவ்வாக்கிழமை காலேஜுல இன்டர்வியூக்குக் கூப்ட்டிருக்காங்க."

"எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டார் அப்பா.

"கச்சிராயபாளையம் போற வண்டியாம். டிரைவருக்கு மண்டை ஒடஞ்சி போச்சாம். அவரும் பாவம், புள்ளகுட்டிக்காரரா இருப்பாரு."

அப்பா கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டார். "யம்மா..." என்று ஆரம்பித்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சஸ்பெண்டு என்ற சொல்தான் எனக்குள் ஓடியது. ப்ளஸ் ஒன் சேர முடியாது, கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். சட்டென்று எழுந்து கத்தினேன்.

"அப்பா! தம்பி ஆழத்துக்குப் போறாம்பா!"

அப்பா ஓடினார். தம்பி கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கரைக்கு வரவேயில்லை. தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார், ரொம்ப நேரம். அந்த அம்மா, "புள்ள பத்திரமா இருக்கான், பயப்படாத பாப்பா" என்று என் முதுகைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அழுதேன். "சொல்லிடாதீங்கப்பா. நான் படிக்கணும்." அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திங்கள் போனது. செவ்வாய் போனது. அப்பா இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை காலையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தன் கோணல் எழுத்தில் அவரே எழுதினார். என்னைக் கூப்பிடவில்லை. டிப்போவில் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கும் போய்ச் சொன்னார்.

அவரை மூன்று மாதம் சஸ்பெண்டு செய்தார்கள். அம்மா தன் வளையல்களை விற்றாள். நான் ப்ளஸ் ஒன் சேர்ந்தேன். சஸ்பெண்டு தவிர நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

அந்தப் பையன் மறுவாரம் வெளியே வந்தான். அப்பா தோப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திட்டினார்களா என்று அம்மா கேட்டாள்.

"திட்டியிருந்தா தேவல. மோர் குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா புள்ள காலேஜுக்குப் போயிருப்பானேன்னு மட்டும் அந்தம்மா கேட்டாங்க. எனக்கு வாய் வரலம்மான்னு சொன்னேன்."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு வாய் வந்தது. அதை அடைத்தவள் நான். தோப்புக்கார அம்மாவிடம் அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, எங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை.

அந்தப் பையன் அடுத்த வருஷம் காலேஜுக்கு விண்ணப்பம் போடவில்லை என்று பின்னால் தெரிந்தது. அப்பா சொன்ன பிறகும் கேஸ் முடிய ரொம்ப நாள் இழுத்தது; அதற்குள் கேரளப் பக்கம் வேலைக்குப் போய்விட்டானாம். நான் காலேஜுக்குப் போனேன். முதல் நாள் என்னைக் கொண்டுபோய் விட அப்பா கூட வந்தார். வாசலில் வைத்து, "அன்னிக்கு ஆத்துல நான்தாம்பா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சின்னப் புள்ள. நான் பெரிய ஆளு, நான் சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆற்றுக்குப் போன அன்று எனக்கு வயது பதினைந்து. கையெழுத்தும் என்னுடையது, கூச்சலும் என்னுடையது. இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன். அவர் அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதால் என் பங்கு குறைந்துவிடவில்லை. அவர் இருந்தவரை இதை அவரிடம் சொல்ல இன்னொரு நாள் எனக்கு வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதும் சரியில்லை. நான் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.