உச்சி வெயிலில் தானாக ஓடிய மோட்டார்

எண்பதுகளில், எருமப்பட்டி வீட்டிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போட ஒரு கருவி செய்தேன். மோட்டாரின் மின் இரைச்சலில் சாதாரண ஒயரில் போன சிக்னல் தடுமாறியதால், ஒளியைக் கடத்தும் பிளாஸ்டிக் இழையை இழுத்தேன். மறுமுனைக்கு, மங்கிய ஒளியையும் உணர்ந்து மோட்டாரைப் போடும் ரிசீவரைச் சேலத்தில் தேடி வாங்கினேன். காலையில் சரியாக இருந்தது. உச்சி வெயிலில் மோட்டார் தானாக ஓடியது.

நான் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓடுகிறதா என்று கிணற்றடியிலிருந்து குரல் கொடுப்பவள் என் தங்கை. அன்று அவள் ரிசீவரைக் கையால் பொத்தினாள். உடனே மோட்டார் நின்றது.

"அண்ணா, வெயிலு உள்ள பூருதுங்க!" என்று கத்தினாள்.

கறுப்பு டேப்பைச் சுற்றினோம், சரியாகிவிட்டது.

அடுத்த மாதம் அவள் கல்யாணமாகிக் கெங்கவல்லிக்குப் போனாள். அதன்பிறகு சுவிட்சைப் போடும்போதெல்லாம், "ஓடுதுங்கண்ணா!" என்ற அவள் குரலுக்காகச் சற்று நிற்பேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.